வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்: கரண்ட் போகிற ஊரில் முதல் கிளாஸ் எது?

"எந்த கிளாஸுங்ணா மாஸு?"

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து புதிதாக இந்த கேமுக்குள் வரும் பசங்க முதலில் கேட்பது இதைத்தான். கிளாஸ் என்றால் நம் ஆள் எப்படிச் சண்டை போடுவான் என்ற வகை: வாரியர், மேஜ், ஹண்டர் மாதிரி. யூடியூபில் ஒரு வாரியர் கோடரியைச் சுழற்ற, நாலு பேர் ஒரே நேரத்தில் விழுவதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த வாரியருக்குப் பின்னால் ஒரு ஹீலர் நின்று உயிர் ஊட்டிக்கொண்டே இருப்பதும், அந்தக் கோடரிக்காக அவன் மாதக்கணக்கில் உழைத்திருப்பதும் வீடியோவில் தெரியாது. அதே வாரியரை இங்கே ஒருத்தன் தனியாக ஆரம்பித்தால், லெவல் 12க்குள் கேமையே தூக்கிப் போட்டுவிடுவான்.

நான் புதியவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு: சண்டை நடுவில் இணைப்பு அறுந்தால், உங்கள் ஆள் பிழைப்பானா? நம் பக்கத்தில் முதல் கிளாஸை இந்தக் கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

எந்த கேமைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்தது. அந்தப் பழைய வடிவத்தையே 2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்று மறுபடி திறந்தார்கள். உச்ச லெவல் 60. கிளாஸ்கள் ஒன்பது. லாஞ்சரில் கிளாசிக் என்ற பெயரில் பல வகை இருக்கும். இங்கே சொல்வதெல்லாம் 60 லெவல் பழைய வடிவத்துக்கு, அதாவது 'கிளாசிக் எரா'வுக்கு. 'சீசன் ஆஃப் டிஸ்கவரி'யில் கிளாஸ்களையே மாற்றிவிட்டார்கள், அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மாதச் சந்தா உண்டு என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் படித்து முடித்துவிடுவது நல்லது.

முதல் படி: உங்கள் மாலை நேரத்தைக் கணக்குப் பாருங்கள்

கிளாஸ் பட்டியலைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்.

ஒன்று, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதிலும் 'தம்பி, கடைக்குப் போயிட்டு வா' உண்டு.

இரண்டு, தனியாகவா, ஆளோடா? கூட ஆடும் நண்பன் உறுதியாக வருவானா, 'வர்றேன்டா' என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிற ஆளா? மனசாட்சியோடு எழுதுங்கள்.

மூன்று, இணைப்பு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும்போது தென்னை மட்டை கம்பியில் விழும், கரண்ட் போகும். லேப்டாப்பில் பேட்டரி இருந்தாலும் மோடம் அணைந்துவிடும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடினால் எல்லைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: போன் ஒரு நேரம் கேரள டவரைப் பிடிக்கும், இன்னொரு நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், மாறும் நொடியில் கேம் அறுந்துவிடும். இந்த கேமுக்கு வேகமான நெட் தேவையில்லை. முதல் டவுன்லோடுதான் பெரிது, அதற்குப் பிறகு டேட்டா மிகக் குறைவாகத்தான் செலவாகும். அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம். மோடத்துக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஹாட்ஸ்பாட் என்றால் போனைச் சிக்னல் நிலையாக இருக்கும் ஒரே ஜன்னலில் வைத்துவிட்டு, கேம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

இணைப்பு அறுந்தால் உங்கள் ஆள் உடனே மறைந்துவிட மாட்டான். சிறிது நேரம் அங்கேயே சிலை மாதிரி நிற்பான், எதிரி அடித்துக்கொண்டே இருக்கும். சாதாரண சர்வரில் செத்தால் பெரிய நஷ்டமில்லை. போட்டிருக்கும் கவசம், ஆயுதம் கொஞ்சம் தேயும், ஆவியாக ஓடிப்போய் உடலைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். லெவல் ஏற்றும் எக்ஸ்பீரியன்ஸ் புள்ளி குறையாது. ஆனால் 'ஹார்ட்கோர்' சர்வரில் ஒரு சாவு என்றால் அந்த ஆள் முடிந்தான், காரணம் கரண்டாக இருந்தாலும் சரி. ஆடிக் காற்று ஓயும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இரண்டாம் படி: கட்சியும் சர்வரும்

அலையன்ஸ், ஹோர்ட் என்று இரண்டு கட்சி. எதிர்க்கட்சிக்காரர் பேசுவது உங்கள் திரையில் புரியாத எழுத்தாகத்தான் வரும். நம் ஊர் டீக்கடையில் தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் ஓடும், இங்கே அந்த வசதி கிடையாது. எனவே நண்பர்கள் எந்தக் கட்சியோ, எந்த சர்வரோ, அதையே எடுங்கள். கட்சி பிரிந்தால் சேர்ந்து ஆடவே முடியாது.

இது கிளாஸையும் கட்டுப்படுத்தும். பாலடின் அலையன்ஸுக்கு மட்டும், ஷாமன் ஹோர்டுக்கு மட்டும். இனத்துக்கும் தடை உண்டு: மனிதன் ஹண்டராக முடியாது, ட்ரூயிட் ஆக வேண்டுமென்றால் நைட் எல்ஃப் அல்லது டாரன் மட்டுமே. இன போனஸ்களைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாகச் சண்டை போடுவார்கள். முதல் ஆளுக்கு அதெல்லாம் வேண்டாம், பார்க்கப் பிடித்த முகத்தை எடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன். நைட் எல்ஃபுக்கு 'ஷேடோமெல்ட்' என்று ஒரு திறன் உண்டு. சண்டையில் இல்லாதபோது அசையாமல் நின்றால் மறைந்துவிடலாம். அம்மா கூப்பிட்டால் ஒரு பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போகலாம்.

சர்வர் எதுவும் நமக்குப் பக்கத்தில் இல்லை, பிங், அதாவது சர்வருக்குப் போய் வரும் தாமதம், கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். பயப்பட வேண்டாம். பெரும்பாலான திறன்களுக்கு நடுவே 1.5 நொடி இடைவெளியை கேமே வைத்திருக்கிறது. அதனால் துப்பாக்கி கேம்களில் படும் அவதி இங்கே இருக்காது.

மூன்றாம் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது

தனியாக ஆடுகிறவர், நேரம் துண்டு துண்டாகக் கிடைப்பவர், நெட்டை நம்ப முடியாதவர். இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் என் பதில் ஹண்டர்.

காரணம் அவனுடைய பெட், அதாவது வளர்ப்பு மிருகம். கரடியோ பன்றியோ முன்னால் நின்று அடி வாங்கும், நீங்கள் தூரத்தில் நின்று அம்பு விடுவீர்கள். பெட்டை 'டிஃபென்சிவ்' நிலையில் வைத்திருந்தால், நீங்கள் கையை எடுத்த நேரத்தில் எதிரி வந்து தாக்கினாலும் அது தானாகப் பாய்ந்து அடிக்கும். இணைப்பு அறுந்து திரும்பி வரும்போது நீங்கள் நின்றுகொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. லெவல் 30ல் செத்தது போல நடிக்கும் 'ஃபெய்ன் டெத்' வேறு வரும்.

ஆனால் லெவல் 10 வரை பெட் கிடையாது. ஹண்டரை எடுத்த பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். அந்த ஒன்பது லெவலும் வெறும் அம்பு, எதிரி கிட்டே வந்ததும் கோடரியால் இரண்டு வெட்டு என்று சப்பென்று போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். 10 வந்ததும் ஹண்டர் ட்ரெய்னரிடம் போனால் ஒரு குவெஸ்ட் (செய்து முடிக்கச் சொல்லும் வேலை) தொடர் வரும். கொடுக்கும் கோலை வைத்து மூன்று மிருகங்களை ஒவ்வொன்றாக வசப்படுத்திக் காட்டினால், அதன் பிறகு விரும்பியதை நீங்களே பிடிக்கலாம். பிடிக்கும்போது 20 நொடி அது உங்களை அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் உயிர் முழுதாக இருக்கும்போது, சுற்றிலும் வேறு எதிரி இல்லாத இடத்தில் ஆரம்பியுங்கள்.

முதல் பெட்டுக்கு அழகு பார்க்காதீர்கள், சாப்பாடு பாருங்கள். பட்டினி போட்டால் பெட்டுக்குக் கோபம் வரும், அடி குறையும், கடைசியில் விட்டுவிட்டே ஓடிவிடும். பூனை வகை கறியும் மீனும்தான் தின்னும். பன்றியும் கரடியும் ரொட்டி, பழம், காளான் என்று பையில் எது இருந்தாலும் தின்றுவிடும். கையில் காசில்லாத காலத்தில் இது பெரிய உதவி.

பிறகு 'க்ரௌல்'. எதிரியின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கும் பெட்டின் திறன் இது. அதன் மேல் வலது கிளிக் செய்தால் தானாக இயங்கும். தனியாக ஆடும்போது எப்போதும் ஆன். ஐந்து பேர் குழுவாகப் போகும் டஞ்சனுக்குள் நுழைந்ததும் ஆஃப். அங்கே அடி வாங்குவது டேங்கின் வேலை, உங்கள் பன்றி போட்டிக்குப் போனால் திட்டு நிச்சயம். ஹண்டர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் பாதி இந்த ஒரு பட்டன்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அம்பு காசு கொடுத்து வாங்க வேண்டும், அம்பறாத்தூணி ஒரு பை இடத்தைத் தின்னும். எதிரி மிகக் கிட்டே வந்துவிட்டால் அம்பு விட முடியாது, வெட்டவும் எட்டாத ஒரு குறுகிய இடைவெளி வேறு உண்டு. நடுக்காட்டில் அம்பு தீர்ந்துபோனால் உங்கள் ஹண்டர் வெறும் நடைப்பயிற்சிக்காரன்தான், ஊரைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் எண்ணிப் பாருங்கள்.

ஹண்டர் பிடிக்கவில்லை, மந்திரம்தான் வேண்டும் என்றால் வார்லாக். இதிலும் ஒரு துணை உண்டு. லெவல் 10 குவெஸ்டில் கிடைக்கும் 'வாய்ட்வாக்கர்' என்ற நீலப் பூதம் அடி வாங்கிக்கொள்ளும். எதிரி மேல் சாபங்களைப் போட்டுவிட்டு நீங்கள் சாவகாசமாக நிற்கலாம். 40ல் குதிரை வேண்டுமென்றால் மற்றவர்கள் நூறு பொன் அளவுக்குச் சேர்க்க வேண்டும், வார்லாக்குக்கு அது மந்திரமாகவே வந்துவிடும், பாலடினுக்கும் அப்படியே. தொல்லை என்னவென்றால் 'சோல் ஷார்ட்'. பூதத்தை அழைக்க, நண்பரை வரவழைக்க, எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டும், ஒவ்வொன்றும் பையில் ஓர் இடம் பிடிக்கும். லெவல் 8ல் வரும் 'ஃபியர்' இன்னொரு கண்ணி. பயந்து ஓடுகிற எதிரி பக்கத்தில் நிற்கும் கூட்டத்துக்குள் புகுந்து எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரும். குகைக்குள் அதைத் தொடாதீர்கள்.

பாலடின் இந்தப் பட்டியலிலேயே சாவது கடினமான ஆள். கனமான கவசம், கையிலேயே ஹீல், கொஞ்ச நேரம் எந்த அடியும் படாத கவச மந்திரம் லெவல் 6லேயே வந்துவிடும். நெட் அறுந்தாலும் ஆயுதம் தானாக அடித்துக்கொண்டிருக்கும். அப்படியானால் ஏன் முதலிடம் தரவில்லை? தூக்கம் வரும். 'சீல்' என்ற மந்திரம் ஒன்றைப் போட்டுவிட்டு எதிரி சாகும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் ஒரு கண்ணைப் பிள்ளை மேல் வைத்துக்கொண்டு ஆடுகிற அப்பாமார்களுக்கு இதைவிட நல்ல கிளாஸ் கிடையாது.

மேஜ் என்ற மந்திரவாதி கிளாஸ் பற்றி எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, பிடிக்கும். லெவல் 4ல் தண்ணீர், 6ல் சாப்பாடு தானே உண்டாக்கிக்கொள்வான், காசே வேண்டாம். 20ல் தலைநகரங்களுக்கு டெலிபோர்ட், 40ல் மற்றவர்களுக்கும் வழி திறந்துவிட்டுக் காசு பார்க்கலாம். எதிரியை உறைய வைத்து, பின்வாங்கி, அடித்து, மறுபடி உறைய வைத்து ஆடும் ஆட்டம் கைக்கு வந்துவிட்டால் வேறு எதுவும் ருசிக்காது. ஆனால் உடம்பில் வெறும் துணிதான். அந்த நடனத்தின் நடுவில் மோடம் அணைந்தால் கதை முடிந்தது. நெட் நிலையாக இருக்கும் வீடு என்றால் தாராளமாக எடுங்கள்.

ரோகுக்கு முதல் லெவலிலிருந்தே ஒளிந்துகொள்ளும் திறன் உண்டு, யாராவது கூப்பிட்டால் மறைந்துவிட்டு எழுந்து போகலாம். மந்திரத்துக்கான சக்தியான மானா கிடையாது, எனர்ஜி தானாக நிரம்பும், சண்டைக்குச் சண்டை உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை. இரண்டு எதிரி சேர்ந்து வந்தால்தான் மூச்சு வாங்கும். ஷாமன் எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவன், டோட்டம் என்ற மந்திரக் கம்பங்களை நட்டு நட்டுக் கை சலிக்கும். ட்ரூயிடுக்கு 10ல் கரடி உருவம், 20ல் பூனை, 30ல் வேகமாக ஓடும் உருவம். பூனை வரும்வரை இழுவைதான், வந்த பிறகு மறைந்து நிற்கவும் ஹீல் செய்யவும் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

ப்ரீஸ்ட் தனியாகவும் நன்றாகவே ஆடலாம், பலருக்கு இது தெரியாது. லெவல் 5லேயே போடக்கூடிய மந்திரக்கோலை என்சான்டர் தொழில் தெரிந்த ஒருவரிடம் செய்து வாங்கிவிட்டு, 10லிருந்து திறனைக் கூட்டும் டேலண்ட் புள்ளிகளை 'ஸ்பிரிட் டேப்'பில் போட்டால், ஒவ்வொரு எதிரி சாகும்போதும் மானா வேகமாகத் திரும்பும். ஆனால் குரூப்பில் சேர்ந்தால் எல்லாரும் உங்களை ஹீலராகத்தான் பார்ப்பார்கள். டஞ்சனுக்கு ஐந்து பேர்: ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று டேமேஜ். மூன்றில் ஒருவர் அறுந்து போனால் மற்றவர்கள் சமாளிப்பார்கள். ஹீலரோ டேங்கோ அறுந்து போனால் ஐந்து பேரும் சாவார்கள். 'வெய்லிங் கேவர்ன்ஸ்' மாதிரி டஞ்சனில் புதியவர்கள் இரண்டு மூன்று மணி நேரம் சுற்றுவார்கள். அதில் கடைசி பாஸ் முன்னால் காணாமல் போகிற ஹீலரை யாரும் மறுமுறை கூப்பிடுவதில்லை. அது உங்கள் தப்பே இல்லை என்பது சர்வரில் இருக்கும் யாருக்கும் தெரியாது.

கடைசியாக வாரியர். தனியாக எடுக்காதீர்கள். சொந்த ஹீல் இல்லை, ஆயுதம் பழசானால் அடி இறங்காது, ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நம்பிக்கையான நண்பன் ஒருவன் பாலடின், ப்ரீஸ்ட், ஷாமன், ட்ரூயிட் இதில் ஒன்றை எடுத்து, நீங்கள் ஆடும் நேரத்திலேயே ஆடுவான் என்றால் மட்டும் எடுங்கள். அப்போது அந்த ஜோடியைப் போலச் சுகமானது இல்லை. அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்து ஆடினால் இதுதான் என் யோசனை, கரண்ட் போனாலும் சேர்ந்தே போகும்.

நான்காம் படி: 10 லெவல் வரை ஒத்திகை

இரண்டு பேரை உருவாக்குங்கள். என் பரிந்துரையில் ஒன்று, உங்கள் ஆசையில் ஒன்று. இரண்டையும் 10 வரை கொண்டுபோங்கள். ஒவ்வொன்றுக்கும் சில மாலைகள் ஆகும். டேலண்ட் புள்ளி கிடைக்கத் தொடங்குவதும், ஹண்டருக்கும் வார்லாக்குக்கும் காவல் துணையும், ட்ரூயிடுக்குக் கரடியும் வருவதும் 10ல்தான், அதற்கு முன்னால் எந்த கிளாஸையும் தீர்மானிக்க முடியாது.

இந்த நேரத்தில் கவனிக்க வேண்டியது: சண்டை முடிந்து எத்தனை முறை உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், அது எரிச்சலாக இருந்ததா? இரண்டு எதிரி சேர்ந்து வந்தபோது கை என்ன செய்தது? எந்த ஆளை மூடிவிட்டுத் தூங்கப் போனபோது நாளைக்கு என்ன செய்யலாம் என்று மனசு ஓடியது? கடைசிக் கேள்விக்கான பதில் என் பரிந்துரைக்கு எதிராக இருந்தால், என் பேச்சை விட்டுவிட்டு அந்த ஆளையே எடுங்கள். 60 வரை நீண்ட தூரம், பிடிக்காத ஆளோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

குவெஸ்ட் எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும், எங்கே போவது என்று பழைய வரைபடம் காட்டாது. 'ஆற்றுக்குக் கிழக்கே' என்று எழுத்திலேயே சொல்லியிருப்பார்கள். மலையாள மீடியமோ தமிழ் மீடியமோ படித்துவிட்டு, ஆங்கிலத்தில் அவ்வளவு வேகமாக ஓட முடியாதவர்கள் 'குவெஸ்டி' என்ற ஆட்-ஆனை (கேமோடு சேர்க்கும் துணை நிரலை) போட்டுக்கொள்ளுங்கள், இடத்தை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும். அதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்களை விடுங்கள்.

ஐந்தாம் படி: முதல் வாரத்துப் பழக்கங்கள்

விடைபெறும்போது எப்போதும் சத்திரத்திலோ நகரத்திலோ நின்று வெளியே வாருங்கள். காட்டில் வெளியேற 20 நொடி காத்திருக்க வேண்டும், இங்கே உடனே வெளியேறலாம். அதைவிடப் பெரிய லாபம், சத்திரத்தில் 8 மணி நேரம் ஓய்ந்திருந்தால் ஒரு லெவலின் 5 சதவீத அளவுக்கு ஓய்வு போனஸ் சேரும், ஒன்றரை லெவல் வரை. அது தீரும்வரை எதிரியைக் கொல்வதில் இரட்டிப்பு எக்ஸ்பீரியன்ஸ். வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஆடுகிறவருக்கு இது ஒரு பெரிய சலுகை.

டேலண்டைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று பதற வேண்டாம். ட்ரெய்னரிடம் முதல் முறை 1 பொன் கொடுத்து அழித்துவிட்டு மறுபடி போடலாம், அடுத்தடுத்த முறை விலை ஏறும். தொழில் இரண்டையும் ஆரம்பத்தில் சேகரிக்கும் தொழிலாகவே எடுங்கள். தோல் உரிப்பது, மூலிகை பறிப்பது, சுரங்கம் என்று மூன்று உண்டு. கிடைப்பதை ஏலக்கடையில் விற்றால் அம்புக் காசும் ட்ரெய்னர் காசும் அதிலேயே வந்துவிடும். கூடவே முதலுதவியையும் கற்றுக்கொள்ளுங்கள், அது இந்த இரண்டு தொழில் கணக்கில் வராது. எதிரிகளிடம் கிடைக்கும் லினன் துணியை விற்காமல் கட்டுப் போட வைத்துக்கொண்டால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். மறந்தும் வாரியரையே எடுத்துவிட்டவர்கள் அந்தத் துணியில் ஒன்றைக்கூட விற்காதீர்கள்.